நனைந்த புத்தகங்களைக் காயவைத்துத் தந்தவர்களுக்கு

நம்ம ஊர்க் கிளை நூலகத்துக்காக ஓடிவந்த எல்லோருக்கும் வணக்கம். வாசகர் வட்டத்தின் சார்பில் இதை எப்போதோ எழுதியிருக்க வேண்டும், தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையை நாம் யாரும் மறக்க மாட்டோம். தாமிரபரணித் தண்ணீர் தெருவுக்குள் ஏறி, வடிந்தபிறகு போய்க் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை, உள்ளே புத்தகங்கள் ஊதிப்போய்க் கதவோடு சாய்ந்து கிடந்தன. சின்னப்பிள்ளைகள் கைக்கு எட்டட்டும் என்று சிறுவர் புத்தகங்களைக் கீழ்த்தட்டில்தான் வைத்திருந்தோம், அவ்வளவும் முங்கிவிட்டது. குரூப் 4 பரீட்சைக்கு நான் இரண்டு வருடம் உட்கார்ந்து படித்த மேஜை முழுக்கச் சேறு.

முதல் நன்றி பீடி சுற்றும் அக்காமாருக்கு. உங்கள் வீட்டிலும் தண்ணீர் வந்து, கம்பெனி கொடுத்த இலையும் தூளும் நாசமாகிக் கிடந்த நேரம் அது. படம் போட்ட வழவழப்புத் தாள் ஈரத்தோடு பிரித்தால்தான் உண்டு, காய்ந்துவிட்டால் ஒட்டிக் கல்லாகிவிடும் என்று நூலகர் சொன்னதும் நாங்கள் பிரிக்கப் பார்த்துக் கிழித்துத் தள்ளினோம். நீங்கள் மடியில் சுளகை வைத்து, புத்தகத்தை அதில் கிடத்தி, ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, நனைத்த பீடி இலையை எடுக்கிற மாதிரியே ஒவ்வொரு தாளாகக் கிழியாமல் எடுத்தீர்கள். அந்தக் கைப்பக்குவம் எங்கள் யாருக்கும் இல்லை.

கரண்ட் வர நாளானபோது கல்யாண மண்டபத்து அண்ணாச்சி ஜெனரேட்டரைப் போட்டு அத்தனை ஃபேனையும் சுற்றவிட்டார், டீசலுக்குக் காசு வாங்கவே இல்லை. பழைய பேப்பர் கட்டுக்கட்டாகத் தந்த டீக்கடைக்காரர்கள், அதைப் பக்கத்துக்கு நடுவே வைத்து ராத்திரியெல்லாம் மாற்றிக்கொண்டே இருந்த பையன்கள், வெள்ளிக்கிழமை லீவைக்கூட எடுக்காமல் நின்ற நூலகர், உங்களுக்கும் நன்றி.

அப்புறம் கீழத்தெரு ஆச்சி. அரசாங்கக் கட்டடத்துக்கு நாம ஏன் பாடுபடணும் என்று ஒருவர் கேட்டபோது, ‘வீட்டுத் தீர்வையில நூலகத்துக்கும் சேத்துத்தானே கட்டுதோம், அப்ப அது நம்ம வீடுதான்’ என்றீர்கள். உண்மைதான், 1948ஆம் வருட நூலகச் சட்டப்படி வசூலிக்கிற வரி அது, இப்போது வீட்டுவரி ரூபாய்க்கு 10 பைசா. சொன்னதோடு நிற்காமல் சுருக்குப்பையிலிருந்து பத்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து 1000 ரூபாய் கட்டிப் புரவலராகவும் சேர்ந்தீர்கள். உங்களைப் பார்த்துத்தான் மற்றவர்களும் சேர்ந்தார்கள், புதுப் புத்தகம் வந்தது.

காயவைத்த புத்தகங்களைத் தனி ரேக்கில், இந்தத் தடவை மேல்தட்டில் வைத்திருக்கிறோம். பக்கமெல்லாம் நெளிநெளியாக இருக்கும், படிக்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், அக்காமார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நீங்கள் பிரித்த புத்தகத்தை நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.