வார்டுக்கு ஒரு டூல்ஸ் அறை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் கடலூரில் எத்தனையோ வீட்டில் ஒரு டிரில்லிங் மெஷின் சும்மா கிடக்கிறது. கர்ட்டன் கம்பி மாட்டவோ அலமாரி அடிக்கவோ வாங்கியிருப்பார்கள், அந்த வேலை முடிந்ததும் அது பரணில் ஏறிவிட்டது. அதே தெருவில் நாலு வீடு தள்ளி ஒருவர் சாமி படம் மாட்டச் சுவரில் இரண்டு ஓட்டை போட ஆள் கிடைக்காமல் ஒரு மாதமாகச் சொல்லி வைத்துக் காத்திருக்கிறார், ஏனென்றால் இரண்டு ஓட்டைக்காக வேலையை விட்டு யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் கட்டுபடியாகாது. இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைக்க, டூல்ஸை இரவல் கொடுத்து வாங்க ஒரு இடம் வேண்டும். அதை மாநகராட்சியும் பொது நூலகத் துறையும் நினைத்தால் கொடுக்க முடியும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், தேவனாம்பட்டினம் பக்கம் இருக்கும் நண்பர்கள். சங்கம் எதுவும் கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மாடியிலோ கார் ஷெட்டிலோ கூடுவோம். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் பழைய வால்வு ரேடியோக்களுக்கு உயிர் கொடுப்பார். முதுநகரில் போட் என்ஜின் மெக்கானிக் வேலை பார்க்கும் ஒரு தம்பிக்கு சைக்கிள் என்றால் உயிர். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அக்கா மரவேலை செய்வார், அவர் இழைப்புளி பிடிப்பதைப் பார்த்தால் பரம்பரை ஆசாரி தோற்றுவிடுவார். இன்னொரு அக்கா மாடித்தோட்டம். அப்புறம் எங்கள் எலெக்ட்ரீசியன் அண்ணன். அவர் இல்லாமல் எங்களுக்கு எதுவும் நடக்காது.

ஒருவர் வீட்டு வேலை என்றால் எல்லாரும் போய் நிற்போம். மாடியில் பந்தல் போட வேண்டுமா, கதவு மழையில் ஊதிப்போய்ச் சாத்த வரவில்லையா, மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லையா, அவரவருக்குத் தெரிந்ததைச் செய்வார்கள், தெரியாதவர்கள் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிடித்துக்கொண்டு நின்றவர் அடுத்த முறை தானே செய்வார். இப்படித்தான் எங்களில் பாதிப் பேர் கற்றுக்கொண்டோம்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரை முழுதாக வைத்தாலும் காற்று வரவில்லை, கையால் ஒரு தள்ளு தள்ளினால்தான் கிளம்புகிறது. நிறைய வீட்டில் உடனே புது ஃபேன் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் போயிருப்பது அதன் கண்டன்சர் மட்டும்தான். ஃபேன் கம்பியின் மேலே அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்தை இறக்கினால் உள்ளே சின்னப் பெட்டி மாதிரி இருக்கும், மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்றோ 3.15 என்றோ போட்டிருக்கும். அதே அளவில் ஒன்று வாங்கிப் போட்டால் ஃபேன் பழையபடி ஓடும். செலவு ஒரு சாப்பாட்டுக் காசு கூட ஆகாது. ஆனால் இதற்கு மெயினை ஆஃப் செய்யத் தெரிய வேண்டும், டெஸ்டர் வைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும், பழைய கண்டன்சரில் மிச்சம் இருக்கும் சார்ஜ் சுருக்கென்று அடிக்கும் என்று தெரிய வேண்டும், ஆடாத ஏணி ஒன்று வேண்டும், கீழே அதைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஏணியும் ஆளும் இல்லாததால்தான் நல்ல ஃபேன்கள் பழைய இரும்புக்குப் போகின்றன. எனக்கு இது உண்மையிலேயே மனம் பொறுக்காத விஷயம்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இந்த வேலைகள் மற்ற ஊரை விட அதிகம். உப்புக்காற்று காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் உட்கார வைத்துவிடும், அதனால் தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த வீடுகளில் கீல், தாழ்ப்பாள், ஜன்னல் கம்பி எல்லாம் சீக்கிரம் துருப்பிடித்துப் பொரிந்துபோகும். அங்கே சாதாரண ஸ்க்ரூ போட்டால் திரும்பக் கழற்ற முடியாது, தலை பிய்ந்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ பித்தளையோதான் போட வேண்டும். இதையெல்லாம் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு யார் சொல்கிறார்கள்? கடைக்காரர் கேட்டதை எடுத்துக் கொடுப்பார், அவ்வளவுதான். டூல்ஸுக்கும் இதே கதி. பயன்படுத்தாமல் வைத்திருக்கும் ஸ்பேனரும் உளியும் ஒரு மழைக்காலம் தாண்டினால் செம்பழுப்பாகிவிடும். எண்ணெய்த் துணியால் துடைத்து எடுத்து எடுத்துப் புழங்கினால்தான் நன்றாக இருக்கும். ஆக, நாலு பேர் கையில் புழங்குகிற கருவிக்குத்தான் நம் ஊரில் ஆயுள் அதிகம்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்ததும், அதை அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் கரை மீறி வந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு ஒரே பிரச்சினை, மோட்டார் முங்கிவிட்டது. ஈர மோட்டாருக்கு அப்படியே கரண்ட் கொடுத்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், கருகிவிடும், அப்புறம் புதுக் கம்பி சுற்றி ரீவைண்டிங் செய்ய வேண்டும், அந்த வாரத்தில் ரீவைண்டிங் கடைகளில் மோட்டார்கள் வாசல் வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. எலெக்ட்ரீசியன் அண்ணன் சொன்னபடி நாங்கள் செய்தது இதுதான். மோட்டாரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, மூடியைத் திறந்து வெயிலில் வைப்பது, வெயில் இல்லாதபோது பக்கத்தில் குண்டு பல்பு எரியவிட்டுச் சூட்டில் காயவைப்பது, பேரிங்கைத் துடைத்துப் புதுக் கிரீஸ் வைப்பது, கடைசியில் மெக்கர் என்கிற கருவியை வைத்துக் காயிலுக்கும் பாடிக்கும் நடுவே கரண்ட் கசிகிறதா என்று பார்ப்பது. ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது, தொடக்கூடாது, மறுபடி வெயிலில் வை. இப்படிப் பார்த்துப் பார்த்துத் தெருவில் நிறைய மோட்டாரைக் காப்பாற்றினோம். மெக்கர் எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அது வீடு வீடாகச் சுற்றியது. இன்னும் நாலு மெக்கர் ஊரில் பொதுவாக இருந்திருந்தால் எவ்வளவு பேர் வீட்டில் அந்த வாரமே தண்ணீர் வந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

மரவேலை எங்களுக்குள் வந்ததும் ஒரு புயலால்தான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டது. தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய மரங்கள், விவசாயிகள் அழுததைப் பார்த்தவர்கள் நாங்கள். பலா மிருதங்கத்துக்கும் வீணைக்கும் தேடித் தேடி வாங்குகிற மரம், விறகாகப் போய்விடக் கூடாதே என்று எங்களில் சிலர் பலகையாக அறுத்து வாங்கிவைத்தார்கள். பலாப் பலகை புதிதாக அறுக்கும்போது மஞ்சளாக இருக்கும், வருஷம் ஆக ஆகச் செம்பழுப்பாக நிறம் இறங்கும், கரையான் அவ்வளவு எளிதில் அண்டாது. வங்கி அக்கா செய்த ஒரு ஊஞ்சல் பலகை இன்று அவர் வீட்டுக் கூடத்தில் தேன் நிறத்தில் பளபளக்கிறது. அதற்கு வேண்டிய இழைப்புளியையும் பட்டறைப் பிடியையும் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்தான் பழசாகத் தேடிப் பிடித்தோம். துருவைத் தேய்த்து, பிளேடைச் சாணை பிடித்தால் அந்தக் காலத்து இரும்புக்கு ஈடு கிடையாது.

வாத்தியார் சாரின் ரேடியோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தெருப் பிள்ளைகள் முதலில் பெட்டியின் அழகைப் பார்க்க வந்தார்கள். பகலில் மீடியம் வேவில் இரைச்சலாகவே இருக்கும் முள், இருட்டிய பிறகு திருப்பினால் எங்கெங்கோ தூரத்து நிலையங்களைப் பிடிக்கும். ஏன் சார் என்று கேட்டார்கள். பகலில் வானத்தில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு இந்த அலையை உறிஞ்சிவிடும், சூரியன் போனதும் அந்த அடுக்கு கலைந்துவிடும், அலை அதற்கும் மேலே இருக்கும் அடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும் என்று ரேடியோவை வைத்துக்கொண்டே சொன்னார். பாடப் புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது அன்றைக்குத்தான் அவர்கள் காதுக்கு வந்தது. அதில் ஒரு பையன் இப்போது சால்டரிங் பிடிக்கிறான்.

சரி, இதெல்லாம் நண்பர்களுக்குள் நடக்கிறதே, அப்புறம் எதற்கு மாநகராட்சி என்று கேட்கலாம். நண்பர்கள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் என் கேள்வி. வேலைக்காக வேறு ஊரிலிருந்து வந்து வாடகை வீட்டில் இருப்பவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக இருக்கும் பெரியவர்கள், கணவர் மீன்பிடிக்கப் போய்விட வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், இவர்களுக்கெல்லாம் ஒரு ஏணியை யாரிடம் போய்க் கேட்பது என்பதே கூச்சம். எங்களிடமும் இடம் இல்லை. கருவிகள் வளர வளர ஒவ்வொருவர் வீட்டிலும் மாடிப்படிக்குக் கீழே அடைத்து வைத்திருக்கிறோம், வீட்டில் திட்டு வாங்காதவர்கள் இல்லை.

இது உலகத்தில் இல்லாத புதுமை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் பெர்க்லி நகரப் பொது நூலகத்தில் 1979இலிருந்து புத்தகம் மாதிரியே டூல்ஸும் இரவல் கொடுக்கிறார்கள். நெதர்லாந்தில் 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ரிப்பேர் கஃபே என்கிற கூடல், கெட்டுப்போன பொருளை எடுத்துவந்து தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்தே சரிசெய்வது, இன்று பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. நம் நாட்டிலும் ரிப்பேர் செய்யும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளமே திறந்தது. நம் மாநிலத்துக்கு இன்னும் பெரிய பெருமை உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் இங்கேதான் வந்தது, நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பாடுபட்டார். அந்தச் சட்டத்தால்தான் இன்றைக்கும் சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோம். புத்தகத்தை நம்பிக் கொடுக்கத் தெரிந்த துறைக்கு மட்டம் பார்க்கிற ஒரு ரசமட்டத்தை நம்பிக் கொடுப்பது பெரிய காரியமா?

கொடுத்தால் திரும்பி வராது, வந்தாலும் உடைந்து வரும் என்பார்கள். எங்கள் வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு நோட்டில் பெயர், தேதி, எடுத்த பொருள் எழுதிக் கையெழுத்து. எடுத்துப் போகும்போது ஒரு முறை ஓட்டிக் காட்டுவோம், திரும்பக் கொடுக்கும்போதும் ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவோம். டிரில் பிட், ரம்பப் பிளேடு மாதிரித் தேய்கிற பொருளை எடுத்தவரே வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டிங் மெஷினை மட்டும் ஓட்டத் தெரியும் என்று நாங்கள் பார்க்காமல் யாருக்கும் தருவதில்லை, அது கையை எடுத்துவிடும், கண்ணாடி போடாமல் தொடவே கூடாது. இவ்வளவுதான் எங்கள் சட்டம். நண்பர்களுக்குள் இதனால் மனஸ்தாபம் வந்ததில்லை, எழுதி வைப்பதால்தான் வரவில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கேட்பார்கள், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் தாங்களே செய்துகொண்டால் எலெக்ட்ரீசியனுக்கும் பிளம்பருக்கும் ஆசாரிக்கும் பிழைப்பு என்ன ஆகும்? எங்கள் எலெக்ட்ரீசியன் அண்ணனிடமே இதைக் கேட்டேன். கண்டன்சர் மாற்ற, வாஷர் மாற்ற என்று அலைவதில் பெட்ரோல் காசு கூட நிற்பதில்லை, வீட்டு ஒயரிங், எர்த், போர்டு மாற்றுவது மாதிரி வேலைகள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன, அதை யாரும் தாங்களே செய்யக் கூடாது, செய்ய விடவும் மாட்டேன் என்றார். வேலை தெரிந்தவர்களுக்குத்தான் வேலையின் அருமை தெரியும், பேரம் பேசாமல் கூலி கொடுப்பார்கள் என்றும் சொன்னார். அந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க இவரைப் போன்ற தொழிலாளர்களுக்கு மாநகராட்சி ஒரு மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். அதை இலவச சேவை என்று வாங்கிக்கொள்ளக் கூடாது.

கடலூர் 2021இல் மாநகராட்சி ஆனது. 45 வார்டு இருக்கிறது. எல்லா வார்டிலும் ஒரே நாளில் கேட்கவில்லை. முதலில் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு அறை, அப்புறம் முதுநகரில் ஒன்று, தேவனாம்பட்டினத்தில் ஒன்று என்று ஆரம்பித்தால் போதும். பூட்டு, மூன்று இரும்பு ராக்கை, ஒரு மேஜை, நல்ல எர்த் உள்ள இரண்டு பிளக் பாயிண்ட், தரை மட்டத்தை விட உயரமான தளம். தளம் முக்கியம், வெள்ளம் வந்தால் கருவிகள்தான் முதலில் மேலே இருக்க வேண்டும், அடுத்த நாள் அவைதான் தேவைப்படும்.

பொருளுக்காக அரசு காத்திருக்க வேண்டாம். எங்களிடம் இரண்டாவதாக இருக்கும் ஏணி, டிரில்லிங் மெஷின், ரசமட்டம், தூக்குக் குண்டு, மூலைமட்டம், பைப் ரெஞ்ச், ஒரு செட் ஸ்பேனர், கையால் பிடிக்கும் ரம்பங்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறோம் என்று எங்களுக்குள் பேசி முடிவு செய்துவிட்டோம். மெக்கரையும் கொடுக்கிறோம். வார்டு கவுன்சிலர்களோ நூலக அலுவலரோ இதைப் படித்தால், எந்த அறை, எந்த நாள் என்று மட்டும் உங்கள் நாளிதழ் வழியாகவே சொல்லட்டும், தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.