சாமியார் உடுப்பில் தெரியும் மாதம்

சிங்கப்பூர்,
30.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. நான் நல்ல சுகம். பணம் நேற்றே அனுப்பிவிட்டேன், தம்பியிடம் கேட்டுக்கொள்.

இன்று கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. ஓபிர் ரோட்டு லூர்து மாதா கோவிலுக்குத் தமிழ்ப் பூசைக்குப் போனேன். 1888இல் கட்டி முடித்த கோவில். துவாசிலிருந்து ரயில் ஏறி, பூகிசில் இறங்கி, மழையில் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன். சாமியார் ஊதா உடுப்பில் வந்து நின்றபோதுதான் அடுத்த திருவழிபாட்டு ஆண்டே பிறந்துவிட்டது என்று உறைத்தது. இங்கே மார்கழிப் பனியும் இல்லை, கத்திரி வெயிலும் இல்லை. எல்லா மாதமும் ஒரே புழுக்கம், நடுவில் ஒரு மழை. ஜூனிலிருந்து பார்த்த பச்சை உடுப்பு மாறினால்தான் நாள் நகர்ந்தது தெரிகிறது.

போனில் கேட்கும்போதெல்லாம் "செபமாலை சொல்கிறாயா?" என்பாயே, நானும் "ம்" என்றுதான் சொல்லிவந்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஓவர்டைம் முடிந்து கட்டிலில் விழுந்தால் செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளைத் தாண்டுவதில்லை. தூங்கிப்போனால் மீதியைக் காவல் தூதரான சம்மனசு சொல்லி முடிக்கும் என்று சின்ன வயதில் சொன்னாய். என்னுடைய சம்மனசுக்கு இங்கே சம்பளமில்லாத ஓவர்டைம்!

ஆனால் தவக்காலத்தில் ஒன்று நடந்தது. இந்த வருசம் மார்ச் 2ஆம் தேதி இங்கே ரமலான் நோன்பு தொடங்கியது, 5ஆம் தேதி நமக்குச் சாம்பல் புதன். என்னோடு வெல்டிங் செய்கிற மலாய் அண்ணன் அந்தச் சூட்டிலும் சொட்டுத் தண்ணீர் தொடவில்லை. மறுநாள் என் நெற்றியில் லேசாக ஒட்டியிருந்த சாம்பலைப் பார்த்து, "நீயும் புவாசாவா?" என்றார். மலாயில் புவாசா என்றால் நோன்பு. ஆமாம் என்றேன். மதியம் ஒருவேளைச் சாப்பாட்டை முழுசாகச் சாப்பிட்டு 'ஒருசந்தி' என்று சொல்லிக்கொள்ள அவர் முன்னால் கூச்சமாக இருந்தது. அன்றிலிருந்து நாற்பது நாளுக்கும் தே தாரேக் என்கிற இந்த ஊர்ப் பால் டீயை விட்டேன். சிரிக்காதே, எனக்கு அது பெரிய விசயம். தேநீர் இடைவேளையில் அவர் நிழலில் கண்ணை மூடி உட்காருவார், நான் பக்கத்தில் உட்காருவேன். பத்து நிமிசம். அங்கேதான் நான் செபித்தேன். "ஆண்டவரே, அம்மாவின் மூட்டுவலியைப் பாரும். இந்தக் கையைத் தீக்காயம் படாமல் காரும். இந்த அண்ணனுக்குத் தாகம் தெரியாமல் இருக்கட்டும்." அவ்வளவுதான், புத்தகத்துச் செபம் எதுவும் வரவில்லை.

பெரிய வெள்ளி இங்கே பொது விடுமுறை. ஈஸ்டருக்கு அடுத்த திங்கள் வேலைநாள்தான். அன்று சாயங்காலம்தான் பாப்பரசர் பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. போன வருசம் செப்டம்பரில் அவர் இங்கே வந்து ஸ்டேடியத்தில் பூசை வைத்தபோது எனக்கு டிக்கெட் கிடைக்காமல், அறையில் போனில் பார்த்தேன் என்று எழுதியிருந்தேனே. செய்தி கேட்டதும் முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். வெல்டிங் முகமூடியில் ஒரு வசதி, உள்ளே அழுதால் யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 5, பனிமய மாதா திருவிழாவன்று எனக்கு நைட் ஷிப்ட். அதைப் பற்றி எழுத வேண்டாம், விடு.

குருத்து ஞாயிற்றில் வாங்கிய ஓலையைக் கட்டில் கம்பியில் செருகி வைத்திருக்கிறேன், இப்போது வைக்கோல் நிறம். வரும் பிப்ரவரி 18 சாம்பல் புதன். அதற்கு முன், எரித்துச் சாம்பலாக்கக் கோவிலில் கொடுத்துவிடுவேன். நம் வீட்டில் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால் இருக்கிற ஓலையையும் மறக்காமல் கொடு.

அப்புறம், நட்சத்திரம் கட்ட நீ ஏணியில் ஏறாதே. தம்பி சனிக்கிழமை வரட்டும். போன வருசத்து வயர் ஓரிடத்தில் பிய்ந்திருந்தது, புதுசு வாங்கச் சொல்.

உன் அன்பு மகன்