பள்ளி வாசலில் வண்டியோடு நிற்கும் பெற்றோருக்கு

வணக்கம்.

காலை 8:40 மணிக்கு நம் பள்ளி கேட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பையன் நான்காம் வகுப்பு. வீட்டிலிருந்து பள்ளிக்கு 800 மீட்டர்தான் இருக்கும். அதற்கே தினமும் ஸ்கூட்டியை எடுப்பேன்.

போன மாதம் ஒருநாள் வண்டி பஞ்சர். வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் நடந்தோம். தெருமுனையில் ஈ.பி. பில்லர் பாக்ஸ், அதாவது மின்வாரியத்தின் இணைப்புப் பெட்டி, பிளாட்பாரத்தை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. ரோட்டில் இறங்கினோம். அதைத் தாண்டி மறுபடி ஏறும்போது, பையன் முழங்காலில் கையை ஊன்றி, புத்தகப் பை பின்னால் இழுக்க, மாடிப்படி ஏறுவதுபோல ஏறினான். அடுத்து ஒரு வீட்டின் கார் சரிவு, அப்புறம் உடைந்த வடிகால் மூடி, அப்புறம் வரிசையாக பைக்குகள். பள்ளி போய்ச் சேர்வதற்குள் ஒன்பது முறை ரோட்டில் இறங்கியிருந்தோம்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் தையல் பெட்டியிலிருந்த டேப்பை எடுத்துப் போய் அளந்தேன். அவன் கை ஊன்றிய இடத்தில் உயரம் 11 அங்குலம். சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு 2012இல் வெளியிட்ட விதிமுறை, பிளாட்பாரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கிறது. அதாவது ஆறு அங்குலம். தடையில்லாமல் நடக்க குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் வேண்டும். பையோடு இரண்டு பிள்ளைகள் சேர்ந்து நடந்தால் அந்த அகலத்தின் அருமை தெரியும்.

இளநீர்க்காரரும் பிளாட்பாரத்தை அடைத்திருக்கிறாரே என்று சிலர் சொல்வீர்கள். அவர் கையைக் காட்டி வேனை நிறுத்தித்தான் நாங்கள் மெயின் ரோட்டைத் தாண்டினோம். அவரை விட்டுவிடுவோம்.

பயமாக இருந்தது கடைசி 50 மீட்டர். நம்முடைய இடம் அது. கேட்டை ஒட்டி இரண்டு கார், எதிரே ஆட்டோ, நடுவில் யு-டர்ன் போடும் பைக்குகள். நிற்கிற இரண்டு கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஒன்றாம் வகுப்புக் குழந்தை வெளியே வந்தால், ஓட்டுகிறவருக்கு அதன் தலைகூடத் தெரியாது. ரோட்டில் வண்டி அதிகம், அதனால் பிள்ளையை வண்டியில் கொண்டுவிடுகிறோம் என்கிறோம். சரி, அந்த வண்டியெல்லாம் யாருடையது?

அதனால் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளைச் சேர்த்து நடத்திக் கூட்டிப்போவோம். ரேஷன் கடை, பிள்ளையார் கோயில், தண்ணீர் தொட்டி என்று மூன்று இடங்களில் 8:15க்குக் கூடலாம். பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர். முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு வாரம் ஒருநாள்தான் வரும். ஜப்பானில் பல ஊர்களில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இப்படித்தான் கூட்டமாகப் போகிறார்கள்; பெரிய வகுப்புப் பிள்ளைகள்தான் வழிநடத்துவார்கள். தூரத்திலிருந்து வருகிறவர்கள் வண்டியை ரேஷன் கடை மைதானத்தில் நிறுத்திவிட்டு, மீதி 300 மீட்டரை மட்டும் மற்றவர்களோடு நடக்கட்டும். கேட்டுக்கு முன்னால் இருக்கும் இடம் காலியானாலே பாதி ஆபத்து போய்விடும்.

மழைக்கு என்ன செய்வது என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அண்ணா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி வடிகால் மூடி கண்ணுக்குத் தெரியாமல் போனால், அன்றைக்கு நடக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். அந்த மூடியை மழைக்கு முன்னால் மாற்ற வைப்பது நம் வேலை.

அதற்கு வார்டு உறுப்பினரிடம் போகும்போது வெறும் புகாராகப் போக வேண்டாம், வழியை வரைந்தே எடுத்துப் போவோம். பில்லர் பாக்ஸை நகர்த்துவது கஷ்டம் என்பார்கள்; அந்த இடத்தில் பிளாட்பாரத்தை ரோட்டுப் பக்கம் வளைத்துக் கட்டலாமே. மெயின் ரோட்டில் வெள்ளைக் கோடு மட்டும் போட்டால் ஒரு வண்டியும் நிற்காது. ரோட்டைத் தாண்டும் இடத்தையே பிளாட்பார உயரத்துக்கு மேடாக்க வேண்டும். அது வேகத்தடையாகவும் இருக்கும், பிள்ளைகளுக்கு ஏறி இறங்கும் வேலையும் இல்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறது. பிளாட்பாரத்தில் நடப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லியிருக்கிறது. இரண்டையும் மனுவில் முதல் பத்தியிலேயே எழுதிவிடலாம். வார்டு மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டத்துக்கு ஒரு அம்மா தனியாகப் போய் நிற்பதற்கும் நாற்பது பெற்றோர் போய் உட்கார்வதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வருகிற திங்கட்கிழமை 8:15க்கு நானும் பையனும் ரேஷன் கடை வாசலில் நிற்போம். டேப்பும் ஒரு நோட்டும் என் பையில் இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது வந்தால், அளந்து எழுதும் வேலையை அவர்களிடமே கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் ஒரு பையனின் அம்மா