திராவிடம்: எந்தப் பொருளில்?

ஆசிரியருக்கு,

திராவிடம் பற்றிய விவாதங்களில் இடம், மொழி, அரசியல் மூன்றும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. பழைய வடமொழி நூல்களில் அது பெரும்பாலும் தமிழ் வழங்கிய பகுதியைக் குறித்தது. ‘பஞ்ச திராவிடர்’ என்ற பிராமணப் பகுப்பிலோ குஜராத்தும் மகாராஷ்டிரமும்கூட அடங்கும். ஒரு மொழிக்குடும்பத்தின் பெயராக அதை நிலைநிறுத்தியவர் கால்டுவெல், 1856இல். அந்தக் கணக்கில் குஜராத்தியும் மராத்தியும் வெளியே போய்விடும். ஜார்க்கண்டில் பேசும் குருக் மொழியும், பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் பேசும் பிராகூயியும் உள்ளே வந்துவிடும். பிராகூயி பேசுபவரைத் தென்னிந்தியர் என்று யாரும் சொல்லமாட்டார்கள், சரிதானே? அப்புறம் 1944இல் சேலத்தில் நீதிக்கட்சி திராவிடர் கழகமானது; அரசியல் பொருள் வலுவாக ஊன்றியது. ஒரு பொருளுக்குரிய சான்றைக் காட்டி இன்னொரு பொருளை மறுப்பது நியாயமே இல்லை. எந்தப் பொருளில் எழுதுகிறோம் என்பதைக் கட்டுரையாளர்கள் தொடக்கத்திலேயே சொல்லும்படி தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

– ஒரு வாசகர்