லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு கால் பண்ணாத பாப்பா

பாப்பா, பசியாறிட்டியா. வெள்ளனா அஞ்சு மணிக்கே எந்திரிச்சு இத டைப் பண்ண ஆரம்பிச்சேன், அப்பா இன்னும் தூங்குறாரு. கண்ணாடி போட்டும் இந்த போன்ல எழுத்து எறும்பு மாதிரிதான் தெரியுது, தப்பு இருந்தா கண்டுக்காத, டீச்சர்னு செவப்பு பேனா தூக்கிட்டு வந்துடாத.

நேத்து வீடியோ கால்ல நீ லிப்ஸ்டிக் போட்டிருந்த. அப்பா பாத்துட்டு "புள்ள தெளிவா இருக்கா, பயம் இல்ல"ன்னு சொல்லிட்டு நிம்மதியா டிவி போட்டாரு. எனக்கு வயித்த பெசஞ்சிருச்சு. ஐசோலேஷன் ரூம்ல ஒத்தையா படுத்திருக்கிறவ யாருக்குடி லிப்ஸ்டிக் போடுறா? எங்களுக்குத்தான. கேமராவ கழுத்துக்கு மேல மட்டும் தெரியிற மாதிரி புடிச்சிருந்த, பேசி முடிக்கறதுக்குள்ள மூணு வாட்டி மியூட் பண்ண, இருமுறதுக்குன்னு எனக்குத் தெரியாதா. அதுக்கு மேல போற போக்குல ஒன்னு சொன்ன பாரு, ஆஸ்பத்திரி கவுன்சலர் வீடியோல பேசறேன்னு சொன்னாங்க, வேணாம்னுட்டேன், எனக்கு டிபிதானம்மா, நான் என்ன மெண்டலா? அதுக்குத்தான் இந்த லெட்டர்.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கு. அப்பாவுக்கே பாதிதான் தெரியும்.

2021 ஆகஸ்ட்டுல நான் கோவிட் வந்து வார்டுல கிடந்தது ஞாபகம் இருக்கும்ல. நீ ஹாஸ்டல்ல மாட்டிக்கிட்ட, மாநிலம் விட்டு மாநிலம் போகக்கூடாதுன்னு ரோட்டுக்கு ரோடு தடுப்பு, நீ வரணும்னாலும் வந்திருக்க முடியாது. அந்த மாசம் 26ஆம் தேதி மலேசியா முழுக்க ஒரே நாள்ல 24,599 கேஸ்னு ரேடியோல சொன்னாங்க, நான் அப்ப கேட்டகரி ஃபோர், ஆக்சிஜன் இல்லாம பாத்ரூம் வரைக்கும்கூட போக முடியாது. தினம் ராத்திரி எட்டு மணிக்கு நீ கால் பண்ணுவ. ஏழே முக்காலுக்கே நர்ஸ் மிஸ்ஸிய கெஞ்சி அந்த பெரிய மாஸ்க்க கழட்டிட்டு மூக்கு டியூப் மாத்திக்குவேன், தலைய சீவுவேன், ஸ்டிக்கர் பொட்டு ஒன்னு போன் கவருக்குள்ள ஒட்டி வச்சிருந்தேன், அத எடுத்து வச்சுக்குவேன். "நல்லா இருக்கேன்டா, சோறு போடுறாங்க, நீ படி". அஞ்சு நிமிஷம். போன வச்சதும் மிஸ்ஸி ஓடி வந்து மாஸ்க்க மாட்டுவாங்க, ஆக்சிஜன் நம்பர் 86, 87ன்னு நிக்கும், அது மேல ஏற ஒரு மணி நேரம் குப்புறப் படுத்து கிடப்பேன். ஒரு மிஸ்ஸி மலாய்க்காரி, திட்டியே விட்டா. உனக்கு நல்லா தெரியணும்னு நான் செலவு பண்ணது என் மூச்சு. அதனாலதான் லிப்ஸ்டிக்க பாத்ததும் எனக்கு தூக்கம் வரல.

அந்த மிஸ்ஸிங்க எல்லாம் தலைலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை உடுப்பு போட்டுக்கிட்டு வருவாங்கல்ல, பக்கத்து பெட்டுல எல்லாரும் பேய பாத்த மாதிரி பயந்தாங்க. எனக்கு அது பெரிசா படல. பினாங்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில தூசி படாத கிளீன் ரூம்ல இருபத்தி ரெண்டு வருஷம் அதே மாதிரி முழுசா மூடுற உடுப்பு போட்டவ நானு, கண்ண மட்டும் பாத்து, நடைய பாத்து இது யாருன்னு சொல்லிடுவேன். ரெண்டே நாள்ல மூணு ஷிப்ட் மிஸ்ஸிங்களையும் பேர் தெரியாமலே அடையாளம் வச்சிருந்தேன். எதிர் பெட் காலியானதுதான் என்ன அடிச்சது. முந்தின ராத்திரி என்கிட்ட மைலோ பாக்கெட் குடுத்த மக்சிக், மலாய்க்கார அம்மா. விடியக்காலைல முழிச்சு பாத்தா மெத்தைல புது பிளாஸ்டிக் விரிச்சிருந்தாங்க. யாரும் ஒன்னும் சொல்லல, நானும் கேக்கல. அந்த மைலோவ அடுத்த நாள் கலக்கி குடிச்சேன், வாசம் ஒன்னும் தெரியல, சுடு தண்ணி மாதிரி இருந்துச்சு.

அதோட, அப்பாவுக்கு ஒட்டுனது என்னாலதான். ஃபேக்டரிலேர்ந்து கொண்டாந்தவ நான். அவரு பாயா தெருபோங் ஃபிளாட்ல தனியா இருமிக்கிட்டு கஞ்சி வச்சு குடிச்சிக்கிட்டு இருக்காரு, இங்க நான் கூரைய பாத்துக்கிட்டு அதையே நெனச்சு நெனச்சு. நீ நேத்து, ஸ்கூல் புள்ளைங்க எல்லாத்தையும் எக்ஸ்ரே எடுக்க கூட்டிட்டுப் போறாங்கன்னு சொல்லும்போது குரல் ஒடஞ்சுது பாரு, அந்த இடம் எனக்கு நல்லா தெரியும். அதே இடத்துலதான் நானும் நின்னேன்.

நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ ஒரு லிங்க் வந்துச்சு, மனநல சாரிங்கான்னு, மனசு எப்படி இருக்குன்னு பாக்குற பரிசோதனை. 21 கேள்வி, மலாய்ல, ஒவ்வொன்னுக்கும் சைபர்லேர்ந்து மூணு வரைக்கும் மார்க் போடணும். அதுல ஒரு கேள்வி: போன ஒரு வாரத்துல உங்களுக்கு மூச்சு விட சிரமமா இருந்துச்சா? மூஞ்சில ஆக்சிஜன் மாஸ்க்க மாட்டிக்கிட்டு படுத்திருக்கிறவகிட்ட கேக்குற கேள்வியா இது! எரிச்சல்ல மூணு போட்டேன். கடைசி கேள்வி, வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லன்னு தோணுச்சா. அதுக்கும் மூணு போட்டேன், அது எரிச்சல்ல போட்டது இல்ல.

மறுநாள் போன் வந்துச்சு. முதல்ல பேசுனவங்க மலாய்ல பேசுனாங்க, நல்லாத்தான் பேசுனாங்க, ஆனா எனக்கு ஃபேக்டரி மலாய்தான் வரும், மிஷின் கெட்டுப் போச்சு, ஸ்டாக் இல்ல, ஓவர்டைம் வேணும், அத வச்சு மனச எப்படி சொல்றது. லைன் வேற ரெண்டு தரம் அறுந்துச்சு. தமிழ்ல பேசுறவங்க இருக்காங்களான்னு கேட்டேன். இத நீயும் கேக்கணும் பாப்பா, கூச்சப்படாத, கேட்டாத்தான் தேடுவாங்க. அதுக்கடுத்த நாள் கோலாலம்பூர்லேர்ந்து ஒரு கவுன்சலர் பொண்ணு வீடியோ கால்ல வந்தா, ஏறக்குறைய உன் வயசு, "ஆண்ட்டி, பேச முடியலன்னா பேச வேணாம், கட்டை விரல் காட்டுங்க போதும்"னா. தண்ணி போத்தல்ல போன சாய்ச்சு வச்சிட்டு விரல காட்டுனேன்.

முதல்ல அந்த ஃபார்ம் விஷயத்ததான் சொன்னா. அது ஆஸ்பத்திரி பெட்டுல இருக்கறவங்களுக்குன்னு பண்ண கேள்வி இல்ல, நுரையீரல் கெட்டதையும் பயம்னு எண்ணிடும், அதனாலதான் மார்க்க மட்டும் பாக்காம கூப்புட்டு பேசறோம்னா. அப்பவே எனக்கு அவள புடிச்சிருச்சு. அப்புறம் சுத்தி வளைக்காம கேட்டா, "ஆண்ட்டி, செத்துப் போயிடலாம்னு நெனச்சீங்களா?" இந்த கேள்விய என் வாழ்க்கைல யாரும் என்கிட்ட கேட்டதில்ல. பக்கத்து பெட்டுல ஆளுங்க இருந்தாங்க, வெறும் திரைச்சீலைதான். அதனால சாட்டுல டைப் பண்ணேன். ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த மாஸ்க்க கழட்டி கீழ போட்டுட்டா எல்லாருக்கும் பாரம் கொறையும்னு ரெண்டு தடவ தோணுச்சுன்னு. டைப் பண்ணிட்டு பயந்துட்டேன், அப்பல்லாம் அந்த மாதிரி முயற்சி பண்ணாலே போலீஸ் கேஸ், சட்டத்துல இருந்துச்சு, 2023லதான் எடுத்தாங்க. அவ பதறல. "சொன்னதுக்கு நன்றி ஆண்ட்டி, இத நான் வார்டு டாக்டர்கிட்ட மட்டும் சொல்லியே ஆகணும், மத்தபடி நீங்க பேசுறது உங்க வீட்டுக்கு போகாது"ன்னா. எனக்கு கோவம் வந்துச்சு, நம்பி சொன்னா வத்தி வைக்கிறாளேன்னு. ஆனா அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மலாய்க்கார மிஸ்ஸி, திட்டுவாளே அவதான், சும்மா வந்து என் கால்மாட்டுல நின்னு பெட்ஷீட்ட சரி பண்ற மாதிரி பத்து நிமிஷம் பண்ணிக்கிட்டே இருந்தா. ஒன்னும் கேக்கல.

ஒம்பது நாள் பேசுனோம். பதினஞ்சு நிமிஷம், சில நாள் அஞ்சு நிமிஷம்கூட இல்ல. பெரிய மந்திரம் எதுவும் இல்லடி. ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்க வச்சு தோள் பக்கம் மாத்தி மாத்தி மெதுவா தட்டச் சொன்னா, பட்டாம்பூச்சி றெக்கை அடிக்கிற மாதிரி, மெக்சிகோல 1997ல பெரிய புயல் அடிச்சப்ப அகபுல்கோ புள்ளைங்களோட வேலை செஞ்ச ஒரு அம்மா கண்டுபிடிச்சதாம். கைல மருந்து ஏத்துற பிரானுலா ஊசி குத்தியிருந்ததால மடக்குனா வலிச்சுது, அப்ப தொடையில தட்டுங்க ஆண்ட்டின்னா. சீனாவுல 26 கோவிட் பேஷண்ட்ட ரெண்டு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்புக்கு ரெண்டு வாரம் ஆன்லைன்ல மூச்சு பயிற்சி, இந்த பட்டாம்பூச்சி எல்லாம் குடுத்து பாத்தாங்க, அவங்களுக்கு பயமும் சோர்வும் நல்லா கொறஞ்சுதுன்னும் சொன்னா. 26 தானா, எங்க ஃபேக்டரில தரம் பாக்குற கியூசில 26 பீஸ் செக் பண்ணிட்டு லாட் ஓக்கேன்னு கையெழுத்து போட்டா சூப்பர்வைசர் கிழிச்சிடுவாருன்னு டைப் பண்ணேன். சிரிச்சா. வார்டுக்கு வந்ததுலேர்ந்து நான் ஒருத்தர சிரிக்க வச்சது அன்னிக்குத்தான்.

இன்னொரு நாள், மனசுக்கு பாதுகாப்பா இருக்கற ஒரு இடத்த நெனைங்கன்னா. தண்ணிமலை கோயில்னு சொல்லுவேன்னு எதிர்பாத்திருப்பா போல. நெனச்சு பாத்தேன், படி ஐநூத்தி சொச்சம், நெனைக்கும்போதே மூச்சு வாங்குச்சு. எனக்கு வந்தது ஃபேக்டரி கேண்டீன், நைட் ஷிப்ட், ரெண்டரை மணி பிரேக், தே தாரிக் டம்ளர் சூடு கைல, லைன்ல உள்ளவளுங்க எல்லாம் ஒரே மேசைல காலத் தூக்கி நாற்காலில வச்சுக்கிட்டு. அங்கயே போங்க ஆண்ட்டின்னா. இன்னிக்கும் தூக்கம் வரலன்னா அங்கதான் போவேன், அப்பாகிட்ட சொல்லிடாத, சிரிப்பாரு.

எல்லாருக்கும் இது சரிப்பட்டுச்சுன்னு சொல்ல மாட்டேன். பக்கத்து பெட் சீனத்தி ஆயாவுக்கு ஹொக்கியன் மட்டுந்தான், போனும் இல்ல, காதும் கேக்காது, டேப்லட்ட மிஸ்ஸி புடிச்சுக்கிட்டு நின்னாங்க, ஆயா திரைல தெரிஞ்ச மூஞ்சிய பாத்து கையெடுத்து கும்பிட்டுட்டு திரும்பி படுத்துக்கிச்சு. இன்னொரு பொம்பளைக்கு ராத்திரில ஆள் தெரியாம கத்த ஆரம்பிச்சுது, அதுக்கு போன் எல்லாம் பத்தாது, டாக்டரே வந்து மருந்து குடுத்தாரு. அது வேற.

ஆனா எனக்கு ஏன் வேலை செஞ்சுதுன்னு இத்தன வருஷமா யோசிச்சு வச்சிருக்கேன். அவ எனக்கு யாரும் இல்ல பாப்பா. நான் அழுதா அவ சாப்பாடு நிக்காது, அவ பரீட்சை கெடாது. உன்கிட்ட அப்பாகிட்ட பேசும்போது உங்கள தூக்கி சுமந்துக்கிட்டே பேசணும். அவகிட்ட கைய வீசிக்கிட்டு பேசலாம். நேர்ல வந்திருந்தா இதச் சொல்லியிருக்க மாட்டேன், அதுவும் நெசம். கைப்புடி அளவு திரை, வேணாம்னா செவப்பு பட்டன அமுக்கிடலாம்னு இருந்ததால சொன்னேன்.

உன் சீக்குக்கு வர்றேன். டாக்டர் சொன்னத காலண்டர் பின்னாடி எழுதி வச்சிருக்கேன், முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, பிறகு நாலு மாசம் ரெண்டு. ஒன்னுக்கு ஆரஞ்சா போகும், கண்ணீர்கூட லேசா ஆரஞ்சாகலாமாம், லென்ஸ் போடாத கறை புடிக்கும். அழுவாதன்னு மட்டும் எந்த டாக்டரும் சொல்லல. பெரியம்மா போன் பண்ணி, நிமோனியான்னு சொல்லு, நாளைக்கு பொண்ணு கேட்டு வர்றவங்க என்ன நெனைப்பாங்கன்னாங்க, தட்டு டம்ளர தனியா எடுத்து வைன்னும் சொன்னாங்க. அது காத்துல பரவுறது, தட்டுல பரவாது, மருந்து சாப்புட்டா கொணமாகுறது, நான் டிபின்னுதான் சொல்வேன்னுட்டேன். ஒரு மாதிரி ஆயிட்டாங்க, ஆகட்டும்.

என் அம்மாவோட தாய்மாமன் ஒருத்தர டிபி வந்து ஜெரஜாக் தீவுல வச்சிருந்தாங்க, தெரியுமா உனக்கு? தெரியாது, நான் சொன்னதில்ல, எனக்கும் அம்மா சாகப் போறப்பதான் சொன்னாங்க. அந்த காலத்துல கப்பல்ல வந்த நம்ம ஆளுங்கள குவாரன்டீன்ல வச்ச தீவு, குஷ்டரோகிங்கள வச்சாங்க, ஜப்பான் சண்டைக்கு அப்புறம் டிபிகாரங்களையும் வச்சாங்க. வீட்டுல அவர் பேர யாரும் எடுக்க மாட்டாங்களாம், போட்டோவுல இருந்தவர வெட்டிட்டாங்க. ஃபேக்டரி பஸ் எறங்குற எடத்துலேர்ந்து அந்த தீவு தெரியும், பச்சையா, பக்கத்துல, நீச்சல் தெரிஞ்சவன் போயிடுவான் போல. இருபத்தி ரெண்டு வருஷம் பாத்துக்கிட்டே உள்ள போயிருக்கேன். அந்த மனுஷன் அங்கேர்ந்து யார்கிட்ட பேசியிருப்பாருன்னு வார்டுல கிடந்தப்பதான் முதல் தடவ நெனச்சேன்.

அதனால அந்த கவுன்சலர்கிட்ட சரின்னு சொல்லு. உனக்கு தோதான நேரம் கேட்டு வாங்கு, மருந்து குடுக்கற நேரத்துல, டாக்டர் ரவுண்ட்ஸ் நேரத்துல வேணாம். இயர்போன் போட்டுக்க. நடுராத்திரி ஒரு மாதிரி இருந்தா முதல்ல மிஸ்ஸி பெல்ல அமுக்கு. வெளிய பேசணும்னா சுகாதார அமைச்சு கேகேஎம்மோட 15555 போன் லைன் இருக்கு, எங்க காலத்துல அது இல்ல, 2020 மார்ச்சுல பிகேபி ஊரடங்கு போட்ட கையோட கேகேஎம்மும் மெர்சி மலேசியா தொண்டு நிறுவனமும் சேர்ந்து தொறந்த லைன்தான் இருந்துச்சு. கவுன்சலர்கிட்ட என்ன பேசுனன்னு நான் கேக்க மாட்டேன். புள்ளைங்க எக்ஸ்ரே பத்தி பேசு, அத உள்ள வச்சுக்காத.

பார்சல் நாளைக்கு போஸ்ட் பண்றேன். நெத்திலி சம்பல், ரெண்டு பைஜாமா, மூணு மீட்டர் சார்ஜர் வயரு, ஆஸ்பத்திரில பிளக் எப்பவும் கைக்கு எட்டாத எடத்துலதான் இருக்கும். சம்பல மிஸ்ஸிங்களுக்கும் குடு. டாக்டர் சரின்னதும் அப்பாவும் நானும் கூச்சிங் வர்றோம், டிக்கெட் விலைய அவரு தினம் பாத்துக்கிட்டுதான் இருக்காரு.

இன்னிக்கு எட்டு மணிக்கு எங்களுக்கு பண்ண வேணாம், அந்த நேரத்த கவுன்சலருக்கு குடு. அப்பாகிட்ட லைன் சரியில்லன்னு நான் சொல்லிக்கிறேன்.

அம்மா