யாழில் சினிமாப் பாட்டு: பிசகு பாட்டில் இல்லை, சுருதியில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

யாழ் என்ற பழந்தமிழ் நரம்புக் கருவியில் சினிமாப் பாட்டு வாசிப்பது அந்தக் கருவிக்கே இழுக்கு என்று இந்தக் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதை ஏற்க முடியாது. பாணர்களும் தங்கள் காலத்துப் பாட்டைத்தான் வாசித்தார்கள். ஆனால் நம் கடலோர ஊர் மேடைகளில் அது காதுக்கு உறுத்துகிறது என்று அவர் சொன்னதில் உண்மை உண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் நரம்பு கூட்டும், அதாவது சுருதி சேர்க்கும், முறைதான்.

வீணையில் இருப்பதுபோல், விரலால் அழுத்திச் சுரத்தை மாற்றும் மெட்டுகள் யாழில் கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். 14 நரம்பு யாழை மந்தர பஞ்சமத்தில் (கீழ் ஸ்தாயி ‘ப’) தொடங்கி மேல் ஸ்தாயி மத்திமம் (‘ம’) வரை கூட்டினால், சினிமாப் பாட்டு பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அடங்காதது அன்னிய சுரம், அதாவது அந்த ராகத்துக்கு வெளியே உள்ள சுரம். நடபைரவி ராகச் சாயலில் போகும் பாட்டு, அடி முடியும் இடத்தில் மட்டும் காகலி நிஷாதத்தை (உயர்ந்த ‘நி’) தொட்டுவிட்டு ஷட்ஜத்தில் (‘ச’) இறங்குவதைப் பலரும் கேட்டிருப்பார்கள். அங்கே அந்த ராகத்துக்குரிய கைசிகி நிஷாதத்தையே (தாழ்ந்த ‘நி’) மீட்டினால் பாட்டு செத்துவிடும். அந்த முடிப்பு கீழ் ஸ்தாயியில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் 3ஆம் நரம்பைக் காகலிக்கும் 10ஆம் நரம்பைக் கைசிகிக்கும் கூட்டுங்கள். இரண்டு நிஷாதமும் கையில் இருக்கும்.

பாட்டுக்குப் பாட்டு பிரடையை (நரம்பை முறுக்கும் முளை) திருகுவதுதான் அடுத்த பிசகு. பாடுபவருக்காகச் சுருதியை 1 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு ஏற்றினால் ஒவ்வொரு நரம்பின் இழுவிசையும் சுமார் 26 விழுக்காடு கூடும். நரம்பின் அடிமுனை பத்தர் என்ற ஒலிப்பெட்டியின்மேல் போர்த்திய தோலை இழுத்துக்கொண்டு நிற்பதால், ஒன்றை முறுக்கினால் தோல் எழும்பி மற்றவை இறங்கும். ஒரு சுற்றுக் கூட்டினால் போதாது. இரண்டு, மூன்று சுற்று வேண்டும். இடைவேளையில் அதற்கு ஏது நேரம்?

நம் முன்னோர் இதற்குச் செய்தது பாலைத்திரிபு. பிரடையைத் தொடாமல் ஆதார நரம்பை, அதாவது ‘ச’வாகக் கொள்ளும் நரம்பை, மட்டும் மாற்றுவது. சங்கராபரண ராகத்துக்குக் கூட்டிய யாழில் தைவதத்தை ஆதாரமாக்கினால் நடபைரவி, ரிஷபத்தை ஆக்கினால் கரகரப்பிரியா, மத்திமத்தை ஆக்கினால் கல்யாணி. சுருதியும் கூடவே மாறும் என்பதைப் பாடுபவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். 1 கட்டையில் கூட்டியிருந்தால் நடபைரவிப் பாட்டு 6 கட்டைக்குப் போய்விடும். தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூலில் இதற்கென்றே ஓர் இயல் இருக்கிறது. இந்தக் கடலுக்கு அக்கரையில், இலங்கையில் அன்றைய மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவில் பிறந்தவர் அவர். யாழ் கற்பவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

கீபோர்டுடன் சேர்ந்து வாசிப்பவர்கள் தம்புராவை வைத்துக் காதால் கூட்டாதீர்கள். காதுக்கு இனிக்கும் அந்தர காந்தாரம் (உயர்ந்த ‘க’) ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் அலகு). கீபோர்டில் அது 400. அந்த 14 சென்ட்தான் மேடையில் உறுத்துகிறது. கீபோர்டின் ஒவ்வொரு சுரத்தோடும் நரம்பை ஒத்துப்பார்த்துக் கூட்டுங்கள். வேகமான பாட்டில் மீட்டி முடித்த நரம்பை இடது உள்ளங்கையால் அணைக்கவும் வேண்டும். இல்லையென்றால் அடுத்தடுத்த சுரங்கள் கலந்து கூழாகிவிடும். குழைவும் கமகமும் நிறைந்த பாட்டை விட்டுவிடுவதே நல்லது. அது வீணைக்கு உரியது.

பிறகு நம் உப்புக்காற்று. ஏசி அறையில் கூட்டிய யாழைக் கடற்கரை மேடைக்குக் கொண்டுவந்தால் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்து, சுருதி இறங்கிவிடும். அரைமணி நேரம் முன்பே மேடையில் உறையைத் திறந்து வைத்து, அங்கேயே கூட்ட வேண்டும். தளர்ந்த தோலை விளக்குச் சூட்டில் காட்டாதீர்கள், ஓரம் கிழியும். வாசித்து முடித்ததும் எஃகு நரம்பைக் காய்ந்த பருத்தித் துணியால் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். எண்ணெய் தடவினால் உப்புத்தூசி ஒட்டிக்கொண்டு, துரு முதலில் பிரடையில் சுற்றிய இடத்தில்தான் பிடிக்கும். அறுவதும் அங்கேதான்.

யாழ் வாங்கும் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்த நரம்பு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்ற பட்டியலையும் ஒரு முழு மாற்று நரம்புத் தொகுதியையும் கருவி செய்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தடிமன் தெரியாமல் கிடைத்த கிடார் கம்பியைக் கட்டினால், அது தொய்ந்து அதிரும், அல்லது தோலைக் கிழிக்கும்.

இப்படிக்கு,
யாழ் பயிற்றுநர்,
தேவிபட்டினம்.