பழைய பிக்கப்புக்கு ஐந்து கியர்: திருத்துறைப்பூண்டி நண்பனுக்கு ஒரு கடிதம்

கும்பகோணம்
பங்குனி மாதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி இப்போது கைத்தாங்கல் இல்லாமல் வாசல் வரை நடக்கிறது என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், சித்திரைக் கடைசி என்று சொல்லியிருக்கிறார்கள். சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்து காய் முற்றி நிற்கிறது. இன்னும் பத்து நாள் மழை தலைகாட்டாமல் இருந்தால் போதும்.

சரி, உன் மகிந்திரா பிக்கப் வண்டிக்கு வருகிறேன். உன் கடிதத்தில் பாதி அதுதான். இன்ஜின் மாற்றுவதா, கியர் பாக்ஸ், கிரவுன் (பின் அச்சில் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம்) என்று அடியோடு புதுசாகப் போடுவதா, இல்லை வண்டியையே தள்ளிவிடுவதா என்று கேட்டிருக்கிறாய். தள்ளிவிடும் யோசனையை விடு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, வேதாரண்யம் ரோட்டில் தென்னையும் மின்கம்பமும் குறுக்கே கிடந்தபோது, தண்ணீர் கேனும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போய் வந்த வண்டி அது. அதற்குச் செலவு செய்யலாம், தப்பே இல்லை. ஆனால் மருமகப்பிள்ளை சொல்வதுபோல் சொகுசு வண்டியிலிருந்து கழற்றிய காமன் ரெயில் இன்ஜினை, அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் புது வகை இன்ஜினைப் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. உன் வண்டிக்குத் தேவை புது இன்ஜின் அல்ல, சரியான கியர் பாக்ஸ் என்றுதான் எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால் சேஸிஸை, வண்டியின் அடிச்சட்டத்தைப் பார். கோடை முழுக்க உப்பு ஏற்றுகிறாய். உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக வடிந்து சேஸிஸில் இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே பெயின்ட் அப்படியே இருக்கும், உள்ளே தகடு பொருக்குப் பொருக்காக உரியும். பின்பக்கப் பட்டை (ஸ்பிரிங்) பிராக்கெட் ஓரத்திலும் கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டம் வந்து சேரும் இடத்திலும் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போ. கணீரென்று கேட்கும் வரை பயமில்லை. ஓர் இடத்தில் மொத்தென்று கேட்டால் அங்கே நிறுத்திச் சுரண்டிப் பார். அங்கே இரும்பு போயிருந்தால் முதல் செலவு வெல்டிங்கும் தகடும்தான், மற்றதெல்லாம் பிறகு.

அடுத்து இன்ஜின். புகை வருகிறது, இழுவை இல்லை என்கிறாய். என்ன கலர் புகை என்று எழுதவில்லையே! கறுப்பு என்றால் டீசல் கூட, காற்று குறைவு. ஏர் ஃபில்டரையும் பம்ப், நாசில் வேலையையும் பார்த்தாலே பாதி சரியாகிவிடும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வண்டி நன்றாகச் சூடான பிறகு ஸ்டார்ட்டில் வைத்தே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார். லேசாக ஆவி வருவது சகஜம். குப் குப்பென்று புகை தள்ளி, மூடியை மேலே வைத்தால் அது துள்ளினால் பேக் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்து, அழுத்தம் கீழே கசிகிறது. நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பார்க்கச் சொல். நாலும் ஒன்றுபோல் கொஞ்சம் குறைந்திருந்தால் இன்னும் ஓடும். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் திறக்க வேண்டியதுதான்.

திறந்தாலும் அதே இன்ஜினையே செய். உன்னுடையது 2523 சிசி டிஐ, டீசலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் பழைய வகை. போர், அதாவது சிலிண்டர் அகலம் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 101.6 மி.மீ., அதாவது மூன்றரை அங்குலம், நாலு அங்குலம். மெட்ரிக் வண்டியில் அங்குலக் கணக்கு எப்படி வந்தது என்றால், இண்டர்நேஷனல் டிராக்டர் இன்ஜின் வம்சத்தில் வந்தது அது. மகிந்திரா 1963-இல் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து டிராக்டர் கம்பெனி தொடங்கிய காலத்து வழி. டிராக்டர் ஓடுகிற சீமையில் அந்த இன்ஜின் அநாதையாகப் போகாது. மன்னார்குடியோ பட்டுக்கோட்டையோ திருவாரூரோ, எங்கே நின்றாலும் அதைத் திறந்து மூடத் தெரிந்த கை ஒன்று இருக்கும். போர் வேலை, கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேஸிங் எல்லாம் உள்ளூர் லேத்திலேயே முடியும்.

காமன் ரெயில் இன்ஜின் மோசம் என்று நான் சொல்லவில்லை. அமைதியாக ஓடும், இழுவையும் நன்றாக இருக்கும். ஆனால் அதில் டீசல் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தத்தில் நிற்கிறது. கேனில் வாங்கி ஊற்றும் டீசலில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தாலே இன்ஜெக்டர் போய்விடும். அதோடு இசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர், சென்சார், வயரிங் என்று ஒரு கட்டு கூடவே வரும், அத்தனையும் சரியாகப் பேசிக்கொண்டால்தான் வண்டி நகரும். ஐப்பசி கார்த்திகையில் முள்ளியாற்றுக் கரையோரம் பம்பர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிற ஊர் உன்னுடையது. ஒரு கனெக்டரில் ஈரம் இறங்கினால் நெல் மூட்டையோடு நடுரோட்டில் நிற்பாய். கம்பெனியே அந்த இன்ஜினோடு கட்டிய புது வண்டி என்றால் வேறு கதை, அதில் ஒவ்வொன்றையும் எங்கே வைப்பது என்று யோசித்து வைத்திருப்பார்கள். பழைய வண்டியில் ஒட்டுப் போட்டது அப்படி இருக்காது.

இப்போது முக்கியமான விஷயம். இழுவை இல்லை என்று நீ சொல்வதையும், ரோட்டில் இன்ஜின் கத்துகிறது என்று சொல்வதையும் சேர்த்துப் பார். உனக்கு முன்னால் வைத்திருந்தவர் பழைய நாலு கியர் பெட்டியைப் போட்டு வைத்திருக்கிறார். நம் ஊரில் ஏற்றம் என்று என்ன இருக்கிறது? தஞ்சாவூரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர்தான். அங்கிருந்து நாகப்பட்டினம் வரை தட்டையாகப் போய்க் கடலில் இறங்குகிறது. நம் வண்டி திணறுவது மலையில் அல்ல. ஆற்றுப் பாலத்தின் ஏறுமுகம், களத்து மேட்டுச் சேறு, கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நின்று நின்று நகர்வது, வாய்க்கால் கரையில் பின்னால் எடுப்பது, இவைதான். 40 கிலோ மூட்டை 25 ஏற்றினால் ஒரு டன். அதோடு நின்ற இடத்திலிருந்து கிளம்ப முதல் கியரும் ரிவர்ஸும் நல்ல இழுவையோடு இருக்க வேண்டும். தார் ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது இன்ஜின் சும்மா சுற்ற வேண்டும். இரண்டையும் நாலு கியரில் ஒன்றாக வாங்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார். லோடு இருக்கும்போது பின் டயரிலும் அதற்கு நேரே தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஒரு சுற்று உருட்டி அள. 2.2 மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள். 60 கி.மீ. வேகம் என்றால் நிமிஷத்துக்கு 1000 மீட்டர், சக்கரம் சுமார் 455 சுற்று. உன் கிரவுனில் 43 பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 8 பல் என்று எழுதியிருக்கிறாய், வகுத்தால் 5.375. அப்படியானால் டாப் கியரில் இன்ஜின் 2440 சுற்றுக்குக் கிட்ட ஓடுகிறது. 39-க்கு 8 போட்டால் 2220 அளவில் வரும். மருமகப்பிள்ளை சொல்லும் 41-க்கு 10 போட்டால் 1865. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரவுன் விகிதத்தைக் குறைத்தால் முதல் கியரிலிருந்து ரிவர்ஸ் வரை எல்லாக் கியரும் அதே அளவுக்கு இழுவை இழக்கும். 41-க்கு 10 போட்டுக்கொண்டு ஈரக் களத்தில் ஒரு டன்னோடு கிளம்பினால் கிளட்ச் பிளேட் கருகிற வாடைதான் வரும்.

அதனால் கிரவுனைத் தொடாதே. 43-க்கு 8 அப்படியே இருக்கட்டும். அதே குடும்பத்து ஐந்து கியர் பெட்டியாகப் பார்த்துப் போடு. ஐந்தாவது கியர் 0.8 அளவில், அதாவது இன்ஜின் 0.8 சுற்று சுற்றும்போது பெட்டிக்கு வெளியே ஒரு சுற்று வருவதாக இருந்தால் 60-இல் இன்ஜின் 1950-தான் சுற்றும். களத்தில் இழுவையும் குறையாது. இதில் ஒன்றை மட்டும் கவனி. எல்லா ஐந்து கியர் பெட்டியும் இப்படி இருக்காது. சிலவற்றில் ஐந்தாவதே நேரடி, ஒன்றுக்கு ஒன்று. அதை வாங்கினால் ரோட்டில் ஒரு லாபமும் கிடையாது. கடையில் வைத்தே ஐந்தாவதில் போட்டு, இன்புட் ஷாஃப்டைக் கையால் எட்டுச் சுற்று சுற்று. பின்னால் வெளியே வரும் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் அது பத்துச் சுற்று வர வேண்டும். எட்டே வந்தால் கடைக்காரர் என்ன சொன்னாலும் வைத்துவிட்டு வா. சுற்றும்போதே ஒவ்வொரு கியரிலும் கரகரப்பு இருக்கிறதா என்று கையிலேயே தெரிந்துவிடும்.

பெல் ஹவுசிங் (இன்ஜினோடு பெட்டி சேரும் மணி வடிவக் கூடு), கிளட்ச் அளவு, இன்புட் ஷாஃப்ட் பல் மூன்றும் உன் இன்ஜினோடு பொருந்த வேண்டும். ஐந்து கியர் பெட்டி நீளம் கூடினால் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஜாயின்ட் ராடை வெட்டிக் குறைக்க வேண்டும். வெட்டிய பிறகு பேலன்ஸ் பார்க்காமல் போட்டால் நடுங்கி நடுங்கியே ராடின் மூட்டில் இருக்கும் கிராஸும் பெட்டியின் பின் பேரிங்கும் போய்விடும். அந்தக் காசில் மட்டும் கை வைக்காதே. ஸ்பீடாமீட்டர் கேபிள் பல்லையும் சரிபார்க்கச் சொல்.

வண்டி தூக்கியிருக்கும்போதே, கிரவுன் இருக்கும் பின் கூட்டின் ஆயிலை இறக்கிப் பார். பால் கலரில் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, மேலே இருக்கும் பிரீதர் (காற்றுப் போகும் துளை) அடைத்திருக்கும். சூடான கூடு திடீரென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாக வெள்ளத்தை உறிஞ்சிவிடும். பிரீதருக்கு ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டிச் சீட்டுக்குப் பின்னால் உயரமாகக் கட்டிவிடு. பின் கூட்டுக்கு ஜிஎல்-5 ரக ஆயில், கியர் பெட்டிக்கு ஜிஎல்-4. பெட்டிக்குள் ஜிஎல்-5 ஊற்றினால் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையம் அரிக்கக்கூடும். கிரவுனில் பல் உடைந்திருந்தால் கிரவுனும் பினியனும் ஒரே நம்பர் அடித்த ஜோடியாக வாங்கு. அவை ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியவை. ஒன்றை மட்டும் மாற்றினால் உறுமல் நிற்காது.

பேப்பர் விஷயம். பெட்டியும் கிரவுனும் ஆர்.சி.யில் ஏறுவதில்லை. இன்ஜின் நம்பர் ஏறும். நீ என்னைக் கேளாமல் வேறு இன்ஜின்தான் என்று முடிவெடுத்தால், 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கு. அதைக் கழற்றிய வண்டி உடைக்கப்பட்டதற்கான பத்திரமும் பில்லும் இல்லாத இன்ஜினைத் தொடவே தொடாதே. எட்டு வயசு தாண்டிய லோடு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றுச் சோதனை உண்டு. அங்கே நம்பர் பொருந்தாமல் நின்றால் அந்தப் பருவமே போச்சு.

பேட்டரி வண்டியாக மாற்றுவது பற்றியும் கேட்டிருந்தாய். அதற்கு ஏஐஎஸ்-123 என்று தரம் வகுத்திருக்கிறார்கள், அந்த அங்கீகாரம் உள்ள கிட் மட்டுமே சட்டப்படி செல்லும். உன்னுடைய தினசரி ஓட்டம் குறைவுதான், அந்த வகையில் பொருந்தும். ஆனால் பேட்டரியின் எடை உன் ஒரு டன்னில்தான் கழியும். அந்தக் காசுக்கு, கம்பெனியே பேட்டரியில் கட்டிய சின்ன வண்டியைப் பார்ப்பது மேல்.

இதெல்லாம் இப்போதே செய்துவிட வேண்டும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால், அதற்கு முன்னாலேயே விதையும் உரமும் ஏற்ற ஓட ஆரம்பித்துவிடுவாய். உளுந்து மூட்டை இறக்கியதும் வண்டியை இங்கே விட்டுவிடு, தாராசுரத்தில் எனக்குத் தெரிந்த பட்டறையில் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்கிறேன். வரும்போது புகையின் கலர், டயர் ஒரு சுற்று அளவு, பெல் ஹவுசிங்கின் போல்ட் துளை இடைவெளி மூன்றையும் எழுதி எடுத்து வா. அதற்குள் நான் சென்னைப் புதுப்பேட்டையில், பழைய வண்டிச் சாமான் கடைகளில், பெட்டி விசாரித்து வைக்கிறேன். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, இவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
உன் மச்சான்